தாவீதின் பெட்டிக்கு ஒரு கல் நாப்

ஒத்திகையில் தாவீது தாளப் பெட்டியின் நாபை, அதாவது வேகத்தை மாற்றும் திருகைத் தொட்டதும் தாளம் தறிகெட்டு ஓடியது. பாடகர் பாட்டை நிறுத்திவிட்டார்.

செங்கல்பட்டில் நான் ஆம்ப்ளிஃபயர், கீபோர்டு ரிப்பேர் கடை வைத்திருந்த காலம். தாவீது மெல்லிசைக் குழு ஒன்றின் டிரம்மர். ஈ.சி.ஆர். சாலையில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து இரண்டு கைகளும் நடுங்கின. குச்சி பிடிக்க முடியாது. “தாளத்த பெட்டி வாசிக்கட்டும், வேகத்த நீ பாத்துக்க. அதுவும் முடியலன்னா வேற ஆள்தான்” என்று குழுத்தலைவர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் தாளத்தைத் தானே வாசிக்கும் சீக்வென்சர் பெட்டியை நான் செய்தேன்.

வேகத்துக்கு ரோட்டரி என்கோடர் என்ற சுழல் திருகு வைத்திருந்தேன். ரேடியோ வால்யூம் போல அது முட்டி நிற்காது, சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு கிளிக்குக்கு வேகம் ஒரு எண் கூடும், குறையும். பிளாஸ்டிக் நாப், இறகு மாதிரி திரும்பும். அதுதான் வினை. புரோகிராமில் இரண்டு கிளிக்குக்கு ஒரு எண் என்று மாற்றிப் பார்த்தேன். அப்போதும் எண் ஏறி இறங்கியது.

“மெதுவா திருப்புங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?” என்று எரிந்து விழுந்தேன்.

“மெதுவாத்தான்க்கா திருப்புறேன். கை கேக்க மாட்டேங்குது.”



அவர் மனைவி எஸ்தர் மாமல்லபுரம் சிற்பப் பட்டறையில் பாலிஷ் போடுபவர். “அக்கா, வூட்டுல சில்வர் டம்ளர்ல காபி குடுத்தா பாதி கீழ ஊத்திக்கிறாரு. பித்தளை சொம்புல குடுத்தா சிந்தறதில்ல. கனம் இருந்தா கை அடங்குது” என்றார். மறுவாரம் பட்டறையில் கடைந்த கருங்கல் வட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளங்கை அகலம், நடுவில் துளை.

அந்தக் கனத்தை என்கோடரின் மெல்லிய தண்டு தாங்காது. பெட்டியின் மேல்மூடியான பழைய பேனலைக் கழற்றி எறிந்துவிட்டு, தடித்த அலுமினியத்தில் புதிதாகத் துளையிட்டேன். என்கோடரின் உடம்பு சுழலாமலிருக்க பக்கத்தில் நீட்டிய அதன் சின்னக் காதுக்குத் தனித் துளை. கல்லுக்குள் தண்டு நுழையும் பித்தளைக் குழலான புஷ் வைத்து அரால்டைட் பசை ஊற்றினேன். கல்லின் பாரம் தண்டில் இறங்காமல் பேனலில் உட்கார, இடையில் தடித்த ஃபெல்ட் துணி வளையம்.

குழுத்தலைவர் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, அம்மிய ஒட்டி வச்சிகீற?” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

பாட்டு ஆரம்பித்தது. தாவீது உள்ளங்கையைக் கல்மேல் வைத்தார். முழங்கை வரை நடுங்கியது, கல் அசையவில்லை. சரணத்தில் வேகம் கூட்ட வேண்டிய இடம் வந்தது. அழுத்தித் திருப்பினார். ஒரு கிளிக். இன்னொரு கிளிக். பாடகர் கண்ணை மூடிப் பாடிக்கொண்டே போனார்.

“சனிக்கெழம ரிசப்ஷன் கீது. வந்துடு” என்று மட்டும் தாவீதிடம் சொன்னார் தலைவர். எஸ்தர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நானும் அழுதேன்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். நாப் மாட்டுவதைக் கடைசி வேலை என்று நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் யார் பெட்டி செய்யச் சொல்லி வந்தாலும், மேஜையில் பேனல் அளவுக்கு வெட்டிய ஓர் அட்டையை வைத்து, “கைய வைங்க” என்கிறேன். அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் துளையிட டிரில்லைத் தொடுவேன்.