என்னை விட்டுட்டுப் போன வியட்நாம் பஸ்

போன மாசம் ஒரு பஸ் என்னை விட்டுட்டுப் போயிடுச்சு.

நாம பஸ்ஸைத் தவறவிடுவது சகஜம். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் தினமும் நடப்பதுதான். ஆனால் பஸ் நம்மைத் தவறவிட்டால்...? அதுவும் வியட்நாமில், ஒரு கீரைத் தோட்டத்தில்?

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி. எனக்குக் கீழராஜ வீதியில் மெடிக்கல் ஷாப். வயசு ஐம்பதைத் தாண்டியாச்சு, கல்யாணம் ஆகவில்லை. கடையும் அம்மாவும்தான் உலகம் என்று இருந்தேன். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். “எங்கிட்டாவது போயிட்டு வாங்க மேடம்” என்று மாத்திரை வாங்க வருகிறவர்கள் எல்லாரும் எனக்கே மருந்து சொல்ல ஆரம்பித்ததும், ஒரு குரூப் டூரில் பேர் கொடுத்தேன்.

குரூப் முழுக்க நம்ம பக்கத்து ஆட்கள். அறந்தாங்கி, பொன்னமராவதி, திருமயம்... எல்லாரும் ஜோடி ஜோடி. பஸ்ஸில் ரெண்டு ரெண்டு சீட். என் பக்கத்து சீட்டில் என் ஹேண்ட்பேக் உட்கார்ந்து வந்தது.

அன்று மதியம் ‘பாரம்பரிய விவசாய கிராமம்’. கைடு மின் என்கிற பையன், படு சுறுசுறுப்பு. இறங்கியதும் சப்ஜா விதை போட்ட சர்பத் கொடுத்தார்கள். அப்புறம் ஆளுக்கொரு பழுப்புச் சட்டை, ஒரு கூம்புத் தொப்பி. அவ்வளவுதான்... நாங்கள் எல்லாரும் விவசாயி!

தோட்டக்கார அம்மா ஒருவர், பெயர் லான், என் வயதுதான் இருக்கும், பாத்தியில் ஆற்றுப்பாசியைப் புதைத்துக் காட்டினார். அதுதான் உரமாம். புதினாவும் கொத்தமல்லியும் வரிசை வரிசையாக நின்றன. தோளில் ஒரு கழி, கழியின் இரண்டு முனையிலும் பூவாளி. இரண்டையும் ஒரே நேரத்தில் சாய்த்துத் தண்ணீர் விட்டபடி நடந்தார். பிறகு எங்கள் முறை. திருமயத்தில் ரைஸ் மில் வைத்திருக்கும் அண்ணன் கழியைத் தூக்க, அவர் மனைவி செல்வராணி அக்கா போட்டோ எடுத்தார். அடுத்து அக்கா தூக்க, அண்ணன் எடுத்தார். எல்லா ஜோடியும் அப்படியே. என் முறை வந்தபோது போட்டோ எடுக்கச் சொல்லி யாரைக் கூப்பிடுவது? ‘பரவாயில்லை’ என்று நானே கழியை இறக்கி வைத்துவிட்டேன்.

காலெல்லாம் சேறு. கொல்லைப் பக்கக் குழாயில் கழுவிவிட்டு வந்து பார்க்கிறேன்...

பஸ் இல்லை.

சத்தமும் இல்லை. போட்டோவுக்கு நிறுத்தியிருந்த எருமையை ஒரு ஆள் ஓட்டிக்கொண்டு போகிறார். பேக் பஸ்ஸில். போன் பேக்கில். பாஸ்போர்ட் டூர் மேனேஜரிடம். நான் மட்டும் பழுப்புச் சட்டையும் கூம்புத் தொப்பியுமாக, வியட்நாமில்.

முதலில் பயம்தான் வந்தது. ‘போன் மட்டும் கையில் இருந்திருந்தா...’ என்று நினைத்தேன். உடனே இன்னொரு நினைப்பு. இருந்திருந்தா யாருக்குப் பண்ணியிருப்பேன்? கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கா? ‘என்னாச்சு?’ என்று பதறுகிற ஒரு ஆளின் நம்பர் எனக்கு ஞாபகம் வரவே இல்லை. பயம் போய்விட்டது. அதைவிட மோசமான ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

லான் என்னைப் பார்த்துவிட்டார். ஓடி வந்தார். யாருக்கோ போன் போட்டார். எடுக்கவில்லை போல. பிறகு அதே போனைத் தன் வாய்க்கு நேராக வைத்து ஏதோ பேச, போன் இங்கிலீஷில் என்னைக் கேட்டது: “உன் கணவர் பஸ்ஸில் போய்விட்டாரா?”

“கணவர் இல்லை” என்றேன் போனிடம்.

“பிள்ளைகள்?”

“இல்லை.”

போன் அதை வியட்நாமியில் சொன்னது. சிரிக்காதீர்கள், அந்த மெஷின் என் வாழ்க்கையைச் சொல்லி முடிக்க ரெண்டு விநாடிகூட ஆகவில்லை.

இனி அந்த ‘ஐயோ பாவம்’ பார்வை வரும் என்று தயாரானேன். நம்ம ஊரில் எத்தனை பார்த்திருக்கிறேன்! வரவில்லை. லான் வெயிலைப் பார்த்தார், பாத்தியைப் பார்த்தார். போன் பேசியது: “செடிகளுக்குத் தண்ணீர் விடவில்லை. வா.”

நாங்கள் ஊற்றியது போட்டோவுக்குத்தானே? நிஜத் தண்ணீர் இனிமேல்தான். லான் கழியோடு முன்னால் போக, நான் ஒற்றைப் பூவாளியோடு பின்னால். ஒரு பாத்தியில் நான் அவசரமாகக் கொட்ட, நாற்றுகள் சாய்ந்துவிட்டன. என் மணிக்கட்டைப் பிடித்து, பூவாளியை எந்தச் சாய்வில் பிடிப்பது என்று காட்டிக் கொடுத்தார். ஈரக் கை. அம்மாவுக்குப் பிறகு என் கையை இப்படி யாரும் பிடித்த ஞாபகம் இல்லை. சட்டென்று கண் நிறைந்துவிட்டது. நல்லவேளை... தொப்பி பெரிசு.

வெயில் இறங்கும்போது மின் ஒரு ஸ்கூட்டரில் பறந்து வந்தான். முகம் வெளுத்திருந்தது.

“மேடம், ஸாரி மேடம்! ஹஸ்பண்ட்-வைஃப், ஹஸ்பண்ட்-வைஃப் என்றுதான் எண்ணினேன். எல்லாம் சரியாக இருந்தது!”

சரியாகத்தான் இருந்திருக்கும். நான்தான் அந்தக் கணக்கில் இல்லையே!

அப்புறம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இந்தியன் ரெஸ்டாரண்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகும் ஒரு தோசை மிஞ்சியதாம். ‘யாருடையது?’ என்று கேட்டபோதுதான் என் ஞாபகம் வந்திருக்கிறது.

லானிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். கட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை. ஒரு கட்டுப் புதினாவைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டார். அவருக்கு இன்னும் வேலை இருந்தது.

ரெஸ்டாரண்டில் செல்வராணி அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க அங்கிட்டுப் பின் சீட்டுல தூங்குறீங்கன்னு நெனச்சுட்டேன் மேடம். மன்னிச்சுக்கங்க.”

“அட, அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா.”

மில்கார அண்ணன் சமாதானமாக ஆரம்பித்தார். “அது ஒண்ணுமில்லைங்க... எங்கள்ல ஒரு ஆளக் காணோம்னா பக்கத்துல இருக்குற ஆளு சத்தம் போடும். ஒங்களுக்குத்தான்...”

முடிக்கவில்லை. அக்கா அவரை முறைத்தார்.

அவர் சொன்னது தப்பா? இல்லைங்க. ஓட்டல் ரூம் ரெண்டு பேருக்கு. கல்யாணப் பத்திரிகையில் ‘சுற்றமும் நட்பும் சூழ’ வரச் சொல்கிறார்கள்... நான் என்னைச் சூழ்ந்துகொண்டு போகிறேன்! தனி ஆளை யாரும் வேண்டுமென்று ஒதுக்குவதில்லை. மறந்துவிடுகிறார்கள். கோபப்படக்கூட வழியில்லை.

ஆனால் அதற்குப் பிறகு என்ன மரியாதை தெரியுமா! டூர் முடியும்வரை ஒவ்வொரு இடத்திலும் மின் முதலில் என்னைத்தான் எண்ணினான். “மேடம் வந்தாச்சா?” என்று பஸ்ஸே கத்தும். அக்கா தன் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு, அண்ணனைப் பின்னால் அனுப்பிவிட்டார். ஒரு நாளைக்கு இத்தனை தடவை என்னை யாரும் தேடியதே இல்லை. கூச்சமாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

திருச்சி ஏர்போர்ட்டில் எல்லாருக்கும் ஆள் வந்திருந்தது. மகன், மருமகள், பேரப்பிள்ளை... “வாரோம் மேடம்”, “போன் பண்ணுங்க மேடம்.” ஒவ்வொரு காராகக் கிளம்பியது. கடைசியில் நானும் என் பெட்டியும்.

ஒரு கால் டாக்ஸி பிடித்து ஏறினேன். டிரைவர் பெட்டியை டிக்கியில் வைத்துவிட்டு, உடனே கிளம்பாமல் திரும்பிப் பார்த்தார்.

“வேற யாரும் வரணுமாம்மா? வெயிட் பண்ணவா?”

“இல்ல தம்பி. நான் ஒருத்திதான். எடுங்க.”

கிளம்பும் முன் ஒரு வார்த்தை கேட்டார் பாருங்கள்... அந்த மின்னுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்!