புத்தகத்தில் வேறொருவர் பெயர்

என் வண்டியை அரசே எடுத்துக்கொள்ளப் போகிறது என்று கேட்ட அன்று எனக்கு ஜெபமே வரவில்லை. வண்டியைப் பிடித்துவைத்தவர்களைத் திட்டத்தான் வந்தது. அதையும் முழங்கால் போட்டுத்தான் செய்தேன். கர்த்தர் பொறுத்துக்கொண்டார்.

நான் இங்கே பர்மாவில், தின்கன்ஜூன் பேட்டையில் இருக்கும் விதவை. என் வீட்டுக்காரர் விட்டுப்போன ஒரே பிழைப்பு அந்தச் சின்ன லாரி. தம்பி தானியேல் ஓட்டுகிறான். போன மழைக்காலத்தில் அலோன் படகுத்துறையில் ஒரு வியாபாரியின் வெங்காய மூட்டைகளை ஏற்றினான். மூட்டைக்குள் கடத்தல் சிகரெட் இருந்திருக்கிறது. வியாபாரி மாட்டிக்கொண்டான். தம்பிக்கு ஒன்றும் தெரியாது என்று விசாரித்து அனுப்பிவிட்டார்கள். வண்டியை மட்டும் விடவில்லை. ஓட்டியவன் நிரபராதி, வண்டி குற்றவாளியாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொந்தக்காரர்தான் வந்து நிரூபிக்க வேண்டும் என்றார்கள். இங்கேதான் எங்கள் தவறு. இந்த ஊரில் பலரும் செய்வதுபோல, பெயர் மாற்றாமலே வண்டி வாங்கியிருந்தோம். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் இன்னும் எங்களுக்கு விற்ற ஊ மியா மவுங் என்ற பர்மியரின் பெயர்தான். அவரோ நகரத்தின் மறுகோடியில் லைங் தாயா பக்கம் குடிபோய்விட்டார்.

“அக்கா, அவரு வந்தா வண்டி என்னுதுன்னு அவரே ஓட்டிட்டுப் போயிருவாரு” என்றான் தம்பி. எனக்கும் அதே பயம். அன்று என் ஜெபம் மாறியது. வண்டியைக் கேட்கவில்லை. அந்த மனிதரைக் காட்டும், அவர் வாயில் உண்மையை வையும் என்று உபவாசமிருந்து கேட்டேன்.

மூன்று வாரம் தெருத்தெருவாக விசாரித்தேன். கடைசியில் ஒரு தையல் தொழிற்சாலை வாசலில், டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். சொன்னதைக் கேட்டுக்கொண்டார், வருகிறேன் என்றார். நீதிமன்றத்தில் என் பக்கம் திரும்பவே இல்லை. வண்டி யாருடையது என்று நீதிபதி கேட்டார்.

“புத்தகத்துல என் பேரு. வண்டி இந்த அம்மாவோடது” என்று பர்மிய மொழியில் சொன்னார்.

புத்தரைக் கும்பிடுகிறவர் வழியாகவே என் கர்த்தர் பதில் கொடுத்தார். கடத்தல் சரக்கு எனக்குத் தெரியாது என்று நானும் சாட்சி சொன்னேன், வண்டி கிடைத்தது. முதல் வேலையாகப் பெயரை மாற்றினேன்.

ஆனால் வண்டியை எடுக்கப் போன இடத்தில் எத்தனையோ வண்டிகள் துருப்பிடித்துக் கிடந்தன. என் வேலை முடிந்தது என்று என்னால் வர முடியவில்லை. தப்புச் செய்ததாக நிரூபிக்காமல் யாருடைய பொருளையும் பறிக்கக்கூடாது, சட்டம் மாறவேண்டும். வக்கீல் எழுதிக் கொடுத்த மனுவோடு நாங்கள் சிலர் அலுவலகம் அலுவலகமாக ஏறுகிறோம். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறையும் போவேன்.

பிரியமானவர்களே, என் ஜெபத்தைக் கேட்டவர் உங்கள் ஜெபத்தையும் கேட்பார். நம்பி முழங்கால் போடுங்கள். ஆமென் சொல்லி எழுந்ததும் இந்த மனுவில் கையெழுத்தும் போடுங்கள். ஆலய வாசலில் பேனாவோடு நிற்பேன்.