எண்ணெய் ஒழுகாத வண்டி

எங்க வீட்டுக்காரரு பட்டாளத்துல ரெண்டு வருஷம் மெக்கானிக்கா இருந்துட்டு, சண்டை முடிஞ்ச மறுவருஷம் ஒரு பழைய மோட்டார் சைக்கிளோட திண்டிவனத்துக்கு வந்து சேந்தாரு. மிலிட்டரிக்காரன் வேணாம்னு ஏலத்துல தள்ளிவிட்ட வண்டி. நிறுத்தின எடத்துலயெல்லாம் எண்ணெயைக் கக்கும். காலையில சாணி தெளிச்சு நான் போட்ட கோலத்து மேல ஒன்பது மணிக்கெல்லாம் கறுப்பா ஒரு வட்டம் விழுந்திருக்கும். அவரோட அண்ணன் சம்சாரம், என் ஓரகத்தி, "உன் புருஷன் ஒரு சீக்காளி மாட்டைக் கொண்டாந்து வாசல்ல கட்டியிருக்காரு"ன்னு என்னைப் பிடிச்சுத் திட்டுவா. வண்டி அவரோடது, திட்டு எனக்கு. அந்த வீட்டுல எல்லாமே அப்படித்தான்.

எனக்குக் கல்யாணமாகி அஞ்சு வருஷம், வயித்துல ஒண்ணும் தங்கலை. அதனாலேயே அந்த வீட்டுல என்னை மனுஷியா எண்ணினவங்க யாருமில்லை. சமையல்கட்டுச் சாவி ஓரகத்தி இடுப்புலயே தொங்கும். அரிசியை அவதான் அளந்து போடுவா. எல்லாரும் சாப்பிட்டு எழுந்தப்புறம் சட்டியில ஒட்டிக்கினு இருக்கிற கேப்பைக் கூழை வழிச்சுக் குடிக்கணும் நான். யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினா, "நீ புழக்கடைப் பக்கம் போயிரு"ன்னு முன்கூட்டியே சொல்லிடுவாங்க. மறைக்க இன்னா இருக்குது, எனக்கு அந்த வீட்டைக் கண்டாலே பத்திக்கினு வரும். தனியா ஒரு அடுப்பு வேணும். அதை நான் பத்தவைக்கணும், எனக்குப் பசிக்கிறப்போ நான் சாப்பிடணும். நகை கேக்கலை, புடவை கேக்கலை. அஞ்சு வருஷமா நான் கேட்டது அந்த ஒரு அடுப்பைத்தான்.

அதுக்கும் ஒருநாள் வழி பொறந்துச்சு. விழுப்புரத்துல மல்லாட்டை மண்டி, அதான் வேர்க்கடலை மண்டி, வெச்சிருந்த ஒருத்தர், முகையூர், பனமலைப் பக்கமெல்லாம் சுத்தி எந்தக் கொல்லையில காய் எப்படின்னு பாத்துட்டு வர வண்டியோட ஒரு ஆள் வேணும்னு தேடிக்கினு இருந்தாரு. மண்டிக்குப் பின்னாடி ஒரு ரூமும் சின்னதா ஒரு சமையல்கட்டும் தர்றேன்னாரு. எங்க வீட்டுக்காரரு போய்ப் பாத்தாரு. பேசிக்கினு இருக்கிறப்பவே வண்டி அங்கியும் எண்ணெயைக் கக்கியிருக்குது. மண்டிக்காரர் கீழ பாத்துட்டு, "தம்பி, என் களத்துல மல்லாட்டை காயுது. இதைக் கொண்டாந்து இங்க நிறுத்தினா ஒரு பயலும் என் சரக்கைத் தொடமாட்டான். ஒழுக்கை நிறுத்திட்டு விஜயதசமி அன்னைக்கு வந்து சேந்துடு. வரலைன்னா வேற ஆளைப் போட்டுக்குவேன்"னு சொல்லி அனுப்பிட்டாரு.

நடுவுல பத்து நாள் இருந்துச்சு. புழக்கடையில மாட்டுக் கொட்டாயை ஒட்டி ஒரு சாக்கை விரிச்சு என்ஜினைக் கழட்ட ஆரம்பிச்சாரு. நானும் கூட உக்காந்தேன். ரேஷன்ல வர்ற கிருஷ்ணாயிலை எடுத்தா ஓரகத்தி கத்துவான்னு, எங்க ரூம் விளக்குக்கு வெச்சிருந்ததை ஊத்திக்கினு வந்து ஒவ்வொரு உறுப்பையும் கழுவினேன். அஞ்சு நாள் இருட்டுலதான் படுத்தோம். கழட்டின வரிசை மாறாம இருக்க முறத்துல பரப்பி வெச்சேன். என்ஜின் மூடிக்கும் அதோட உடம்புக்கும் நடுவுல போடுற பேக்கிங் பழசாகி நைஞ்சு போயிருந்துச்சு, ஒழுக்கே அங்கதான். புதுசு கடையில கிடைக்காது. அட்டையை மூடி மேல வெச்சு, எண்ணெய்க் கையால ஓரத்தை அழுத்தித் தேச்சா அச்சு விழும். அதைக் கத்திரியால நறுக்கணும். மூணு அட்டை அவரு நறுக்கிக் கோணலாப் போச்சு. நாலாவது நான் நறுக்கினேன், சரியா உக்காந்துச்சு. "பரவாயில்லமே"ன்னாரு. அஞ்சு வருஷத்துல அவரு என்னை மெச்சிச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

அந்த மூடிக்குள்ள ஒரு சின்னத் துளை இருந்துச்சு. குச்சி நுழையற அளவுகூட இல்லை. அதுல வாயை வெச்சு ஊதி, மறுபக்கம் காத்து வருதான்னு என் உள்ளங்கையை வெச்சுப் பாக்கச் சொன்னாரு. வந்துச்சு. "எண்ணெய் இது வழியாத்தான் உள்ள போவணும். இது அடைச்சா என்ஜின் செத்துச்சு"ன்னாரு. சரிதான்னு துடைச்சு முறத்துல வெச்சேன்.

அதுக்குள்ள ஆயுத பூஜை வந்துடுச்சு. அன்னைக்கு எந்த ஆயுதத்தையும் எடுத்து வேலை செய்யக்கூடாது, எல்லாத்தையும் கழுவிப் பொட்டு வெச்சுப் படைக்கணும். ஏர், மண்வெட்டி, தண்ணி இறைக்கிற கவலைச் சால், அரிவாள் எல்லாத்துக்கும் ஓரகத்தி வெச்சா. மாட்டுக்கும் அவதான். பிள்ளை பெறாத கை படக்கூடாதுன்னு என்னை எட்ட நிக்கச் சொன்னா. கடைசியா, "உன் புருஷன் இரும்புக்கு நீயே வெச்சுக்கோ, அது இன்னா குட்டியா போடப்போவுது"ன்னு சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினா. எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிச்சு. ஆனாலும் வாங்கினேன். அந்த வீட்டுல என் கையால ஒண்ணுக்காவது பொட்டு வைக்கிறேனேன்னு ஒரு அல்ப சந்தோஷம். "ஒண்ணு விடாம வெச்சுடு"ன்னு அவரும் சொல்லிட்டுப் போயிட்டாரு. முறத்துல இருந்த அத்தனை உறுப்புக்கும், நட்டு போல்ட்டுக்குக்கூட, சந்தனமும் குங்குமமும் வெச்சேன். விழுப்புரத்து அடுப்பை நெனச்சுக்கினே வெச்சேன்.

மறுநாள் விஜயதசமி. விடிகாலையில பூட்ட உக்காந்தாரு. அவரோட அண்ணன், எங்க மச்சாண்டாரு, வந்து நின்னாரு. தம்பி தனியாப் போறது அவருக்குத் துளியும் பிடிக்கலை, நாலு நாளா அவரோட பேச்சுவார்த்தையே இல்லை. அன்னைக்கும் முகத்தைப் பாக்காமத்தான், "சாமிப் பொட்டைத் துடைக்காதேன்னு சொல்லு"ன்னு என்கிட்ட சொல்ற மாதிரி சொல்லிட்டு ஏரிப்பக்கம் போயிட்டாரு. எங்க வீட்டுக்காரரு கொஞ்ச நேரம் கையில ஸ்பானரை வெச்சுக்கினு அண்ணன் போன திசையையே பாத்துக்கினு இருந்தாரு.

மூடியை எடுத்தப்போதான் பாத்தேன். வெச்ச பொட்டு ஒண்ணு நேரா அந்தத் துளை மேலயே காஞ்சு இறுகிக் கிடந்துச்சு. "ஏங்க, இதுல சந்தனம் பூந்திருக்குது, ஒரு தடவை ஊதிடுங்க"ன்னேன். அவரு குனிஞ்சு பாத்தாரு. நல்லாத்தான் பாத்தாரு. "சாமிப் பொட்டு, இருக்கட்டும். எண்ணெய் பட்டா கரைஞ்சிடும்"னு மூடியைப் பொருத்தி இறுக்கிட்டாரு. பட்டாளத்துல என்ஜின் பிரிச்ச மனுஷன் சொல்றாரு, நான் யாரு மறுத்துப் பேச. பிஸ்டன் மேல இருந்த பொட்டை அவரு அதுக்கு முந்தியே சுத்தமாத் துடைச்சிருந்தாரு. அது அப்போ என் புத்திக்கு எட்டலை.

பத்து மணிக்கெல்லாம் கிளம்பினோம். பின்னாடி துணிமூட்டையைக் கட்டி அது மேல நான் உக்காந்தேன், மடியில அம்மா வூட்டுல குடுத்த ஒரு குண்டான். ஓரகத்தி வாசல்வரைக்கும் வரலை. வரலைன்னா போகட்டும், எனக்கு அன்னைக்கு யாரு மேலயும் கோவமில்லை. கூட்டேரிப்பட்டுல டீக்கடை ஓரமா நிறுத்தினாரு. நான் நடுரோட்டுன்னும் பாக்காம மண்டி போட்டு வண்டிக்கு அடியில பாத்தேன். மண்ணு வெள்ளையா இருந்துச்சு. தொட்டும் பாத்தேன். "பாருங்க, ஒரு சொட்டு இல்ல"ன்னேன். அவரு "உம்"முன்னாரு. டீயைப் பாதியில வெச்சுட்டு எழுந்துட்டாரு.

சொட்டாம இன்னா பண்ணும்? எண்ணெய் மூடிப்பக்கம் வந்தாத்தானே வெளிய ஒழுகறதுக்கு. விக்கிரவாண்டி எட்டறதுக்குள்ள என்ஜின் கிறீச்சுன்னு ஒரு சத்தம் போட்டுச்சு, பின்சக்கரம் இழுத்துக்கினு போய் நின்னுச்சு. குண்டான் ரோட்டுல உருண்டுச்சு. உதைச்சுப் பாத்தாரு, உதைக்கிற கட்டை அசையலை. உள்ள மொத்தமாப் பிடிச்சுக்கிச்சு.

புளியமரத்தடியில உக்காந்தோம். விழுப்புரம் இன்னும் எட்டு மைலு. "நடந்து போயாவது மண்டிக்காரர்கிட்ட சொல்லிட்டு வாங்க, ரெண்டு நாள் டைம் கேளுங்க"ன்னு நான் கெஞ்சறேன், மனுஷன் அசையவே இல்லை. எனக்கு அழுகை வருது, அவரு முகத்துல ஒரு பதட்டமும் இல்லை. பாரத்தை எறக்கி வெச்சவன் மாதிரி காலை நீட்டிக்கினு உக்காந்திருந்தாரு. அப்போதான் எனக்குப் பொறி தட்டிச்சு.

"அந்தத் துளை அடைச்சிருக்குதுன்னு உங்களுக்குத் தெரியும்"னேன்.

"தெரியும்."

"ஊதியிருந்தா போயிருக்கும்."

"போயிருக்கும்"னாரு. "அண்ணன் என் முகத்தைப் பாத்து நாலு நாளாச்சு. அப்படி இன்னாத்துக்கு ஒரு பொழப்பு. இதுக்கு மேல என்னைக் கேக்காதே"ன்னாரு.

ரோட்டுல உருண்ட குண்டானை எடுத்து மடியில வெச்சுக்கினேன். பேசினா அந்த எடத்துலயே கல்லை எடுத்துப் போட்டிருப்பேன், அவ்வளவு ஆத்திரம். அஞ்சு வருஷம் அவரு அண்ணி என் முகத்தைப் பாத்துப் பேசினதில்லை, அது இவருக்கு ஒருநாளும் பெருசாத் தெரியலையே. அப்புறம் அவரே சொன்னாரு: "வூட்டுல கேட்டா நீ பொட்டு வெச்சதுல அடைச்சிக்கிச்சுன்னு சொல்லிடறேன். பொம்பளை, தெரியாம பண்ணிட்டான்னு விட்டுடுவாங்க."

வைக்கோல் ஏத்திக்கினு திண்டிவனம் போற மாட்டு வண்டி ஒண்ணு வந்துச்சு. பின்னாடி மோட்டார் சைக்கிளைக் கட்டி இழுத்துக்கினு ஊர் வந்து சேர்றப்போ விளக்கு வெச்சுட்டாங்க. மச்சாண்டாரு வாசல்லயே நின்னுக்கினு இருந்தாரு. தம்பியைப் பாத்ததும், "வாடா, சாப்பிட்டியா"ன்னாரு. நாலு நாள் கழிச்சு வந்த முதல் வார்த்தை. எங்க வீட்டுக்காரரு சொன்னபடியே சொன்னாரு, ஒரு எழுத்து மாறலை.

ஓரகத்தி என்னை மேலயும் கீழயும் பாத்தா. "மாட்டைத் தொடவிடாம இருந்தது நல்லதாப் போச்சு. உன் கை பட்டா இரும்புகூட மலடாயிடுது"ன்னு சொல்லிட்டு, இடுப்புச் சாவியை எடுத்து சமையல்கட்டைத் திறந்து, அவருக்கு மட்டும் சோறு போட்டா. அவரு முத்தத்துல கை கழுவிக்கினு இருந்தாரு. அவ சொன்னது அவரு காதுல நல்லா விழுந்துச்சு. துண்டால கையைத் துடைச்சுக்கினு போய் அண்ணன் பக்கத்துல சாப்பிட உக்காந்தாரு.