வெளித் தாழ்ப்பாள்

செல்லம்மாளை அவர் மகன் வீட்டிலிருந்து திரும்பக் காப்பகத்துக்குக் கொண்டு வந்தவன் நான். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதைச் செய்தேன். தவறு என்னுடையது.

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு மனநலக் காப்பகத்தில் சமூகப் பணியாளராக இருந்தேன். குணமானவர்களை வீட்டில் சேர்ப்பதும், பிறகு அவ்வப்போது போய்ப் பார்ப்பதும் என் வேலை. பின்னதை ஃபாலோ-அப் என்போம். செல்லம்மாள், மகன் கைக்குழந்தையாக இருந்தபோது எங்களிடம் வந்தவர். தலை நரைத்த பிறகுதான் திருமானூர் அருகே அந்த மகன் மணிவேல் வீட்டுக்குப் போனார். மணிவேல் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான்.

சில வாரங்களில் அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். "சார், அந்தம்மாவ ரூமுல போட்டு அடைக்கிறாங்க. என்னன்னு வந்து பாருங்க."

சொல்லாமல் போனேன். பொழுது சாய்ந்திருந்தது. அறைக் கதவின் வெளிப்பக்கம் புதுத் தாழ்ப்பாள்; அது போட்டிருந்தது.

"மனுஷங்கதானா நீங்க?" என்று கத்தினேன். தெரு கூடிவிட்டது.

"சார், அத்ததான்..." என்று மருமகள் கலா தொடங்கினாள். நான் காதில் வாங்கவில்லை. தாழ்ப்பாளைத் திறந்து, ஏறுங்கள் என்றேன். செல்லம்மாள் பையை எடுத்துக்கொண்டு காப்பக ஜீப்பில் ஏறினார். ஏறு என்றால் ஏறுவதற்கு அவரைப் பழக்கியிருந்தோம்.

மறுநாள் வார்டில் கேட்டேன். "அடைச்சு வச்சாங்கன்னு ஏம்மா சொல்லல?"

"யாரு அடைச்சா? நான்தான் போடச் சொன்னேன். இங்க மாதிரி வெளிய தாப்பா போடுற சத்தம் கேட்டாத்தானே சார் கண்ணு அசருது. அந்தப் புள்ள கலா மாட்டேன்னு அழுதுச்சு. மணிகிட்ட சண்ட போட்டுல்ல மாட்ட வச்சேன்." பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "நான் என்ன தப்பு பண்ணேன், திரும்பக் கொண்டாந்துட்டீங்க?"



மணிவேல் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். கலா வாசலிலேயே நிறுத்தினாள். "ஊருக்கு முன்னால எங்கள ஜெயில் வார்டன் கணக்கா நிக்க வச்சீங்க. இப்ப எதுக்கு சார் வந்தீங்க?"

நியாயம்தான். கத்திய அதே தெருவில் வீடு வீடாக நின்று, தப்பு என் மேல்தான் என்று சொன்னேன். அடுத்த வாரம் மணிவேலே வந்து அம்மாவைக் கூட்டிப் போனான்.

குழப்பம் தீரவில்லை. செல்லம்மாள் தாழ்ப்பாள் போடச் சொன்னார்; கலா ஊர்ப் பேச்சுக்குப் பயந்தாள். இரண்டு பேருக்கும் தூக்கமில்லை. நான் ஃபாலோ-அப்புக்குப் போனபோது, "போடவா வேணாமா, நீங்களே சொல்லிட்டுப் போங்க சார்" என்றாள் கலா. போட்டால் அந்த அறையும் வார்டுதான். போடாவிட்டால் அவர் விடிய விடிய உட்கார்ந்திருப்பார். எனக்குத் தெரியவில்லை. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் முதல் நாளே செய்ய வேண்டியதை நான் அன்றுதான் செய்தேன், செல்லம்மாளிடம் கேட்டேன்.

அவர் மருமகளிடம், "நீயும் உள்ளாற வந்து படு. உள்தாப்பாவ நீ போடு. யாராச்சும் போட்டாச் சரி" என்றார்.

கலா பாயை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனாள்.

கடைசியாகப் போனபோது மணிவேல் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான். உட்காரச் சொல்லவில்லை. "முன்ன ஒருத்தரத்தான் அடைச்சு வச்சிருந்தேன். இப்ப ரெண்டு பேரு. எழுதிக்குங்க சார்" என்றான்.

கேலியா, கோபமா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. உள்ளே செல்லம்மாள் மட்டும் சிரித்தார்.