நிமிடத்துக்கு ஒரு டொக்

இரண்டாயிரத்து ஏழாம் வருடம், ஆடி மாதம். பெரிய காஞ்சிபுரத்தில், வீட்டுக்கு ஒரு தறியாவது இருக்கிற தெருவில், எங்கள் வீட்டுத் தறி மட்டும் மூன்று நாள் நின்றுபோனது. பட்டு வராமல் இல்லை, யாருக்கும் உடம்புக்கு முடியாமலும் இல்லை. ஒரு லேப்டாப்புக்காக நிறுத்தினோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் தாமல் ஏரிக்கரையில் பயிர் வைக்கிற வீட்டில் பிறந்தவள். தறி கற்றுக்கொண்டது கல்யாணத்துக்குப் பிறகுதான். "ஏரிக்கரைப் பொண்ணுக்கு நாடா தள்ள வருமா?" என்று கேலி பண்ணியவர்கள் மூன்றே வருடத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். படிப்பு ஒன்பதாம் வகுப்போடு சரி. கம்ப்யூட்டருக்கும் எனக்கும் இருந்த உறவு, வீட்டு மூலையில் ஓடாமல் கிடந்த ஒன்றின் மேல் தூசி துடைத்ததுதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். நான், என் கணவர், அவருடைய தம்பி, தங்கை. கணவரும் நானும் தறியில். கொழுந்தன் டிப்ளமோ முடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தான். நாத்தனாருக்கு இருபத்து மூன்று வயது, அவளுக்கு எல்லாமே பாட்டுதான். சின்ன வயதிலிருந்து முறையாகக் கற்றுக்கொண்டவள். கோலம் போட்டால் பாட்டு, பாத்திரம் தேய்த்தால் பாட்டு. தறிச் சத்தத்தில் அது என் காதில் விழுந்ததும் இல்லை, விழ வேண்டும் என்று நான் நினைத்ததும் இல்லை.

அந்த வருடம் தை மாதம் அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள், கல்யாணத்துக்கு அப்புறம் பாட்டெல்லாம் வேண்டாம் என்றார்கள். அவள் அந்த மாப்பிள்ளையே வேண்டாம் என்றுவிட்டாள். அப்பா இல்லாத வீடு, தங்கை கல்யாணம் என் கணவர் தலைமேல் இருந்தது. அவருக்கு மனத்தாங்கல். ஆடி பிறந்ததும் அவளுடைய பாட்டு டீச்சர் சொல்லியனுப்பினார், சென்னையில் ஒரு நடன ஆசிரியை தன் மாணவிகளின் நிகழ்ச்சிகளுக்குப் பாட ஒரு பெண்ணைத் தேடுகிறாராம். நான்கு பாட்டைப் பதிந்து சி.டி.யாகக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்.

என் கணவர் தங்கையைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். "இது கெடச்சுதுன்னா நீ பாடு, நான் குறுக்க நிக்க மாட்டேன். கெடைக்கலன்னா அந்த மாப்பிள்ள வீட்டுக்கு சரின்னு சொல்லிடணும். அவங்க இன்னும் காத்துக்கினு இருக்காங்க. இன்னாமா சொல்ற?"

அவள் சரி என்று தலையாட்டினாள்.

கொழுந்தன் ஞாயிற்றுக்கிழமை ஒரு லேப்டாப்பையும் மைக்கையும் இரவல் வாங்கி வந்தான். பின்கட்டு அறை ஜன்னலில் போர்வையைக் கட்டி, சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்து, அவளைப் பாட வைத்தான். போட்டுக் கேட்டால், எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி பாட்டு முழுக்க படபட என்று சத்தம். நடுவில் அவ்வப்போது பெரிதாக ஒரு 'டொக்'.

அவன் விடவில்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்து, லேப்டாப்பில் பஃபர் என்று எதையோ பெரிதாக்கினான். பாட்டை லேப்டாப் சொம்பு சொம்பாக வாங்கி ஊற்றுமாம், சொம்பு சின்னதாக இருந்தால் சிந்திவிடுமாம், அதனால் குடத்தை வைத்துவிட்டேன் என்றான். கடுகு வெடிப்பது நின்றுவிட்டது. அந்த 'டொக்' மட்டும் நிற்கவில்லை. வைரஸ் பார்க்கிற புரோகிராமை நிறுத்தினான், வேறு என்னென்னவோ அழித்தான். அதற்கும் அது மசியவில்லை.

லேப்டாப்பைத்தான் சரி பண்ணியாகிவிட்டதே, அப்படியென்றால் தப்பு வெளியில்தான் இருக்கிறது என்பது அவன் கணக்கு. வெளியில் 'டொக்' என்று சத்தம் போடுவது எது?

"அண்ணி, தறிய கொஞ்சம் நிறுத்துங்க" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தறியில் இருந்தது ஆவணி முகூர்த்தத்துக்குப் போக வேண்டிய கூறைப்புடவை. கல்யாணப் பெண் உனக்காகக் காத்திருப்பாளா என்று கத்தினேன். பாட்டு சோறு போடுமா என்றுகூடக் கேட்டுவிட்டேன். நாத்தனார் அடுப்பங்கரையில் போய் நின்றுகொண்டு அழுதாள். அது சத்தம் வராத அழுகை, அதைத் தாங்க முடியவில்லை. திங்கட்கிழமை காலை தறியை நிறுத்தினேன்.

நிறுத்தியும் 'டொக்' வந்தது. ஃபேனை நிறுத்தினான், வந்தது. ஃபிரிட்ஜை நிறுத்தினான், வந்தது. ஆடி மாதம் ஆயிற்றே, தெருக்கோடி அம்மன் கோயில் மைக்தான் காரணம் என்றான். மைக் ஓய்ந்த நேரத்திலும் வந்தது. அவளோ பாடிப் பாடித் தொண்டை கட்டி, மிளகு கஷாயமாகக் குடித்துக்கொண்டிருந்தாள். திங்கள் போய், செவ்வாய் போய், புதன்கிழமை மத்தியானமும் வந்துவிட்டது.

"பக்கத்து வீட்டுத் தறிதான் அண்ணி. செவுரு வழியா வந்துக்கினு இருக்குது. நீங்க போய் அக்காகிட்ட ரெண்டு நாள் நிறுத்தச் சொல்லுங்க."

அந்த வீட்டு அக்காவும் ஆவணிப் புடவைதான் நெய்துகொண்டிருந்தாள். என் தறியை நிறுத்தினது என் வீட்டுப் பிரச்னை. இன்னொருத்தி தறியை நிறுத்து என்று கேட்க எனக்கு எப்படி வாய் வரும்? ஊரில் இருக்கிற தறி எல்லாம் நின்றால்தான் இவள் பாட முடியும் என்றால், அந்த மாப்பிள்ளை வீட்டுக்கு நாமே பாக்கு வெற்றிலையோடு போய்விடலாமே!

"நான் போக மாட்டேன். அந்தக் காதுல மாட்றத இங்க குடு. அது தறிச் சத்தமா இல்லையான்னு நான் சொல்றேன்" என்றேன்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அவள் பாட்டு வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரே வீட்டில் ஏழு வருடம் இருந்தும் அவள் பாட்டை நான் கேட்டது அன்றைக்குத்தான். குரல் பக்கத்தில், என் காதுக்குள்ளேயே வந்து நின்றது. பாட்டு சோறு போடுமா என்று கேட்ட வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்போதுதான் 'டொக்' என்றது.

கேட்டவுடனே தெரிந்துவிட்டது. தறிச் சத்தம் இல்லை. தறி இரண்டு சத்தம் போடும், ஊடை நூலைக் குறுக்கே இழுத்துக்கொண்டு நாடா ஓடுவது ஒன்று, பலகை அடிப்பது ஒன்று. இது ஒற்றைச் சத்தம், காய்ந்த குச்சியை ஒடித்த மாதிரி. ஆனால் அதைச் சொன்னால் அவன் நம்ப வேண்டுமே. அடுத்த 'டொக்' வரட்டும் என்று காத்திருந்தேன். காத்திருக்கும்போது என் வாய் தானாக எண்ண ஆரம்பித்தது. தறியில் உட்கார்ந்தால் ஊடை போடப் போட எண்ணிக்கொண்டே இருப்பது என் பழக்கம். அறுபத்தெட்டில் 'டொக்'. மறுபடி ஒன்றிலிருந்து. அறுபத்தெட்டில் 'டொக்'. அதற்கடுத்தது அறுபத்தொன்பதில்.

எனக்கு ஆறு மாதம் முன்னால் நடந்தது ஞாபகம் வந்தது. ஒரு புடவைக் கரையில் வரிசையாக அன்னம் போட்டிருந்தோம். ஒவ்வொரு அன்னத்துக்கும் கழுத்தில் ஒரே இடத்தில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. என் கைதான் சரியில்லை என்றார் கணவர். நான் அளந்து பார்த்தேன். சாணுக்கு ஒன்று, சாணுக்கு ஒன்று. கை தவறினால் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் தவறும், இப்படி அளந்து வைத்த மாதிரித் தவறாது. எந்த இழை தூக்க வேண்டும் என்று சொல்வது தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் சுற்றி வருகிற ஓட்டை போட்ட அட்டைகள். அதில் ஒரு அட்டையில் ஓட்டை அடைத்திருந்தது. நான்தான் கண்டுபிடித்தேன்.

"தம்பி, கெடியாரத்தப் பாரு. நான் கை தட்றப்பல்லாம் எவ்ளோ ஆச்சுன்னு சொல்லு."

'டொக்' வரும்போதெல்லாம் தட்டினேன், நான்கு தடவை. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் மூன்று தடவையும் சரியாக ஒரு நிமிடம். அவன் முகம் மாறியது.

"பக்கத்து வீட்டு அக்கா நிமிஷத்துக்கு ஒரு தடவதான் தறி அடிக்கறாங்களா? சமமா வர்ற தப்பு வெளிய இருந்து வராதுப்பா. அது உன் லேப்டாப் பொட்டிக்குள்ளதான் இருக்குது. அந்த மைக்கைப் புடுங்கிட்டு ஓட்டு."

ஊடை போடாமல் வெறும் அட்டையை மட்டும் ஓட்டிப் பார்ப்போமே, அந்த மாதிரிதான் சொன்னேன். மைக்கைப் பிடுங்கினான். பாட்டு இல்லை, சுருதி இல்லை, தெருச் சத்தம் இல்லை. வெறுமனே பதிந்தான். போட்டுக் கேட்டோம். மயான அமைதி. பிறகு, நிமிடம் தவறாமல், 'டொக்'.

"மூணு நாளு! மூணு நாளு என் தறிய நிறுத்தி வெச்சியே!" என்றேன். நாத்தனார் மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஆனால் பெட்டிக்குள் எங்கே? நிமிடத்துக்கு ஒரு தடவை என்ன நடக்கிறது என்று அவன் தேட ஆரம்பித்தான். பதிகிறபோதே ஹெட்போனில் எனக்குக் கேட்கிற மாதிரி வைத்துவிட்டு, ஒன்றை நிறுத்துவான், நான் எண்ணுவேன், 'டொக்' வரும். இன்னொன்றை நிறுத்துவான், எண்ணுவேன், வரும். அவன் கண் திரையில். எனக்குத்தான் திரையில் இருப்பது எதுவும் புரியாதே, நான் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பக்க விளிம்பில் பொடியாக ஒரு விளக்கு இருந்தது. சும்மா கிடந்த அது திடீரென்று படபட என்று மின்னியது. அதே நேரம் காதில் 'டொக்'. தற்செயலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அறுபத்தெட்டு எண்ணினேன். மறுபடி மின்னியது, மறுபடி 'டொக்'.

"இது இன்னா வெளக்கு?"

குனிந்து பார்த்தான். அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டான். "வயர்லெஸ் அண்ணி. கம்பி இல்லாம நெட்டு எங்கியாவது கெடைக்குதான்னு நிமிஷத்துக்கு ஒரு தடவ தேடுது. அது தேடறப்ப பாட்டை வுட்டுடுது."

எங்கள் தெருவில் அந்த நாளில் ஏது வயர்லெஸ்? இல்லாத ஒன்றை அது விடாமல் தேடிக்கொண்டே இருந்திருக்கிறது. விளக்குக்குப் பக்கத்தில் நகத்தால் தள்ளுகிற அளவில் ஒரு சுவிட்ச் இருந்தது. "நீங்களே தள்ளுங்க" என்றான். தள்ளினேன். விளக்கு அணைந்தது.

பதியவிட்டு எண்ண ஆரம்பித்தேன், இந்தத் தடவை வாய்விட்டு. அறுபத்தைந்தில் நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அறுபத்தெட்டு. எழுபது. எண்பது. நூறு வரைக்கும் எண்ணினேன். இருநூறு வரைக்கும் எண்ணினேன். போட்டுக் கேட்டால் ஒன்றும் இல்லை.

நேராகப் போய்த் தறியில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து நெய்ய ஆரம்பித்தேன். அன்றைக்கு என்னைப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவு மிடுக்கு! மறுநாள் வியாழக்கிழமை, அவள் பாட உட்காரும்போது யாரும் கேட்காமல் நானே தறியை நிறுத்திவிட்டு, பின்கட்டு வாசலில் போய் உட்கார்ந்து நான்கு பாட்டையும் கேட்டேன். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் கொழுந்தன் சி.டி.யைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். பத்து நாள் கழித்துச் சென்னையிலிருந்து போன் வந்தது. என் கணவர் தானே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், தங்கை பாடப் போகிறாள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். கூறைப்புடவையும் முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்னாலேயே போய்ச் சேர்ந்தது. அதற்கு நாங்கள் பட்ட பாடு தனிக் கதை.

இப்போது அவள் பாடாத ஊர் இல்லை. பாட்டை மதிக்கிற ஒருவரையே கட்டிக்கொண்டாள். கொழுந்தன் அந்த சி.டி.யில் எங்களுக்கும் ஒன்று போட்டு, உறையை அச்சடித்துக் கொடுத்திருந்தான். பின்பக்கம் பாடியவர் என்று அவள் பெயர், ஒலிப்பதிவு என்று அவன் பெயர், அதற்குக் கீழே 'பழுது கண்டுபிடித்தவர்' என்று என் பெயர், இனிஷியலோடு. கேலிக்குத்தான் போட்டான். ஆனால் நான் அந்த உறையைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவில் வைத்திருக்கிறேன். நான் நெய்த புடவை எத்தனையோ மணவறையில் உட்கார்ந்திருக்கிறது, எதிலும் என் பெயர் கிடையாது. என் பெயரை அச்சில் நான் முதலில் பார்த்தது அதில்தான்.

எப்போதாவது அந்த சி.டி.யைப் போட்டுக் கேட்கும்போது என் வாய் இன்னும் தானாக எண்ணும். அறுபத்தெட்டு வரும்போது அவள் குரல் ஒரு பிசிறும் இல்லாமல் நீண்டுகொண்டே போகும், அந்த இடத்தில் எதுவும் கேட்காமல் இருப்பது என்னால்தான் என்று ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.