தறி நின்ற மத்தியானம்

காலையில் மகளிடம் சொம்பைக் கேட்க வாயைத் திறந்தேன். அந்தச் சொல் வரவில்லை. கை மட்டும் தானாக எழுந்து, கட்டைவிரலை உதட்டில் சாய்த்தது. தெருவில் விசைத்தறிகள் இரைந்துகொண்டிருந்தன.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது நடந்தது இது. அருப்புக்கோட்டையில் பெரியப்பாவின் தறிக்கூடத்தில் எட்டுத் தறிகள் ஓடும். அந்த இரைச்சலில் பேச்சு காதில் விழாது என்பதால் எல்லோரும் கையால்தான் பேசுவார்கள். இரண்டு விரலைக் கத்தரிபோல் விரித்தால் இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம்; கட்டைவிரலை உதட்டில் சாய்த்தால் தண்ணீர். அந்த வருஷம் பெரியப்பா, வீட்டிலும் சைகையே காட்டினார். "தறியிலயே கெடந்து அவுகளுக்கு வாயே மறந்துபோச்சு" என்று பெரியம்மா சொல்வார். நாங்களும் சிரிப்போம்.

ஒரு மத்தியானம் கரண்டு போய்த் தறிகள் எல்லாம் சட்டென்று நின்றன. எண்ணெயும் பஞ்சுத் தூசியும் மணத்த அந்த அமைதியில், பெரியப்பா என்னைப் பார்த்துக் கட்டைவிரலைச் சாய்த்தார்.

"அதான் தறி நின்னுருச்சுல்ல, வாயத் தொறந்து கேளுங்க பெரியப்பா."

உதடுகள் அசைந்தன. சத்தம் வந்தது, சொல் வரவில்லை. பெரியவர்களுக்கும் அப்படிப் பயம் வரும் என்பதை அவர் கண்ணில்தான் முதலில் பார்த்தேன். அவரிடமிருந்து சொற்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்ததை, சைகைக்குப் பழகிய எங்கள் வீட்டில் ஒருவரும் கவனித்திருக்கவில்லை.

மகள் சொம்பை நீட்டினாள். "தறி ஓட்டுன கை சும்மா இருக்குமாம்மா?" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். கையில் வாங்கிய பிறகும் அதன் பெயர் வரவில்லை.