ஆறு நட்டுக்கு மஞ்சள் பொட்டு

காரைக்காலில் கார் ஒரு பக்கமாக இழுத்தால் எல்லோரும் ஆக்சிலியாவிடம்தான் போவார்கள். சக்கரம் நேராக்கும் கடைக்கு அவரே முதலாளி, அவரே மெக்கானிக். வாய் கொஞ்சம் காரம். வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் யாராவது தலையை நீட்டினால், "வீட்டுல சொல்லிட்டு வந்தீங்களா?" என்பார். ஸ்டாண்டு முட்டுக் கொடுத்த பிறகுதான் வேலையைத் தொடங்குவார்.

நான் பள்ளியில் கணக்கு வாத்தியார். வருடத்துக்கு இரண்டு முறை சென்னைப் பக்கம் போய்ப் பந்தயக் கார் ஓட்டும் கிறுக்கும் உண்டு. வளைவில் டயர் முழுசாகத் தரையில் பதிய வேண்டும் என்பதற்காக, பந்தயக் காரின் முன்சக்கரங்களின் தலையைச் சற்றே உள்பக்கம் சாய்த்து வைப்போம். அதுதான் கேம்பர். பானட்டுக்குள் பக்கத்துக்கு மூன்று நட்டு. அவற்றைத் தளர்த்திச் சாய்வை மாற்றி, அளந்து, மறுபடி இறுக்க வேண்டும். இறுக்கிய ஒவ்வொரு நட்டுக்கும் ஆக்சிலியா மஞ்சள் பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பார்.

அந்தச் சனிக்கிழமை இடப்பக்கம் முடிந்திருந்தது. வலப்பக்கத்து நட்டுகளைக் கையால் திருகியிருந்தார், அவ்வளவுதான். அதற்குள் என் அம்மா அன்னபூரணி பூஜைத் தட்டோடு வந்துவிட்டார். ஒன்பது மணிக்கு ராகுகாலம். ஆக்சிலியா சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் மரியாதையாக ஒதுங்கி நின்றார். அம்மாவுக்குத் தாராளக் கை. ஸ்டியரிங், பேட்டரி, கண்ணில் பட்ட நட்டு எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தார்.

பூஜைப் பொங்கல் தின்றுவிட்டு வந்த ஆக்சிலியா, நட்டுகளைத் தொட்டு எண்ணினார். ஆறிலும் மஞ்சள் இருந்தது. பானட்டைச் சாத்தினார். காரை லாரியில் ஏற்றிக்கொண்டு நான் கிளம்பினேன்.

கோட்டுச்சேரியில் டீக்கு நிறுத்தினோம். பின்னாலேயே ஸ்கூட்டரில் பறந்து வந்தார் ஆக்சிலியா.

"பானட்டத் தொறங்க சார்!"

வலப்பக்கத்து நட்டைத் துடைத்தார். மஞ்சள் பொட்டு துணியோடு வந்துவிட்டது, அது சந்தனம். விரலால் தள்ளினார், நட்டு சுற்றியது. அதோடு வளைவில் நூற்றிருபதில் போயிருந்தால் என் கதை முடிந்திருக்கும்.

"கை கழுவுறப்ப விரல்ல இருந்த மஞ்ச தண்ணியில போச்சு சார். பெயிண்ட் அப்படிப் போவாது."

"எல்லாம் எங்கம்மா பண்ணுனது..."

"அம்மா மேல போடாதீங்க. ஸ்பேனர் எங்கிட்டதான இருந்துச்சு. இறுக்கிப் பாக்காம எண்ணிட்டேன், தப்பு என்னுது. வண்டியத் திருப்புங்க, குலுங்குனதுல சாய்வு மாறியிருக்கும். மொதல்லேருந்து அளக்கணும்."

எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. இப்படித் தப்பை ஒப்புக்கொள்கிறவரிடம் உயிரை நம்பி ஒப்படைக்கலாம் என்றுதான் தோன்றியது.

கடையில் வேலை நடந்தபோது நட்டநடு ராகுகாலம். அம்மா கடிகாரத்தைப் பார்க்காமல் ஸ்பேனரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி நட்டையும் இறுக்கியபின் ஆக்சிலியா பெயிண்ட் டப்பாவை அவரிடம் நீட்டினார்.

"நீங்களே வைங்கம்மா."

அம்மா டப்பாவை வாங்கிக் கீழே வைத்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அங்கே கிடந்த ஸ்பேனரை எடுத்து நட்டில் மாட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தார். நட்டு அசையவில்லை. ஆறையும் அப்படி இழுத்துப் பார்த்த பிறகுதான் பொட்டு வைத்தார்.